‘நற்காற்றுக் கூடம்’: புகைமூட்டக் காலத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். காட்டுத்தீயின் புகை பல நாள் ஊரைச் சூழ்ந்து நிற்கும்போது, வீட்டுக்குள் காற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வழியில்லாதவர்கள் சில மணி நேரம் வந்திருந்து மூச்சுவிட்டுப் போவதற்கென அமைக்கப்படும் ‘கிளீன் ஏர் ஷெல்டர்’ என்பதற்கு ‘தூய காற்று முகாம்’ என்று நேற்று முன்மொழியப்பட்டது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உள்ளது.

முகாம் என்றதும் வெள்ளத்துக்கும் புயலுக்கும் வீட்டைவிட்டு வெளியேறித் தங்குவதே நினைவுக்கு வருகிறது. இத்தகைய அறிவிப்பின் வரைவை நான் படித்துக் காட்டியபோது, ஆஸ்துமா உள்ள மூதாட்டி ஒருவர், “முகாம்னா வீட்டைப் பூட்டிட்டு வந்துரணுமா?” என்று கேட்டார். அவருக்குத் தேவைப்பட்டதோ புகை மிகும் சில மணி நேரம் மட்டுமே.

அதைவிடப் பெரிய சிக்கல், முகாம், காப்பகம், புகலிடம் ஆகிய மூன்றும் கூரையையே முன்னிறுத்துவது. மழைக்குக் கூரை போதும், புகைக்குப் போதாது. 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகள்கள் சன்னல் இடுக்கிலும் கதவின் அடியிலும் நுழைந்துவிடுவதால், காற்று வர வலைச் சாளரம் வைத்த மண்டபம் ஒன்றைத் திறந்துவிட்டு அதற்கு இப்பெயரைச் சூட்டினால், உள்ளே வருபவர் வெளிக்காற்றையேதான் சுவாசிப்பார். இடுக்குகளை அடைத்து, அறையின் அளவுக்கு ஏற்ற, நுண்துகள்களைப் பிடித்துவைக்கும் ‘ஹெப்பா’ வகைக் காற்று வடிகட்டியை இடைவிடாமல் இயக்கினால்தான் அந்த இடம் பயன்படும். வெள்ளையாகப் பொருத்திய வடிகட்டியைப் பின்னர் கழற்றி, அதன் மடிப்புகளில் படிந்திருக்கும் சாம்பல் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே சொல்லில் காற்றே முதலில் நிற்க வேண்டும்.

‘புகையொதுங்கிடம்’ என்பதை முதலில் எண்ணிப்பார்த்தேன். மழைக்கு ஒதுங்குவது போலப் புகைக்கு ஒதுங்குவது என்னும் பொருள் இயல்பாகவே அமைகிறது. ஆனால் ஊர்வழக்கில் ‘ஒதுங்குதல்’ வேறொன்றையும் குறிப்பதால் மனமில்லாமல் கைவிட்டேன்.

‘தூய’ என்பதையும் தவிர்க்கலாம். உலகச் சுகாதார அமைப்பு 2021இல் வகுத்த வழிகாட்டு அளவு, 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் நுண்துகள். கடும்புகை நாளில் நல்ல வடிகட்டி உள்ள அறைகூட அந்த அளவுக்கு இறங்காமல் போகலாம். செய்ய முடியாத உறுதியைச் சொல்லில் ஏற்றக் கூடாது. ஆகவே ‘நற்காற்றுக் கூடம்’ என்பதை முன்மொழிகிறேன். கூடம் என்பதில் பலரும் வந்துபோகும் தன்மையும் இருக்கிறது.

‘ஹேஸ்’ என்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். சிங்கப்பூர், மலேசியத் தமிழ் ஊடகங்கள் ‘புகைமூட்டம்’ என்பதை நிலைநிறுத்திவிட்டன. சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டு, மலேசியாவின் மூவார், லேடாங் வட்டாரங்களில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட 2013 ஜூன் மாதத்திலும் அச்சொல்லே வழங்கியது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் 2002இல் கையெழுத்தான உடன்படிக்கையையும் ‘எல்லை கடந்த புகைமூட்டம்’ என்று தடையின்றிச் சொல்ல முடிகிறது.

ஒரு வேண்டுகோள். சொல்லைப் பட்டியலில் சேர்க்கும்போது வரையறையையும் சேர்த்தே பதிவுசெய்யுங்கள்: உள்ளிருக்கும் நுண்துகள் அளவை மணிக்கொருமுறை அளந்து வாசலில் எழுதிவைக்காத எந்த அறைக்கும் இப்பெயர் பொருந்தாது.

அன்புடன்.