உறவுக்களம், இரவற்களம்: சிறு நாடுகளின் ரக்பி லீக் ஆட்டங்களுக்குச் சொல் தேடல்

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி விளையாட்டுச் சொற்றொகுப்பில் ரக்பிப் பகுதிக்கு வந்திருக்கிறோம். ரக்பியை ரக்பி என்றே விட்டுவிடுவோம் என்பதில் எல்லாரும் ஒத்துப்போனோம். ரக்பியின் இரண்டு வகைகளான லீக்கையும் யூனியனையும் பிரித்துக்காட்ட ஆட்டக்காரர் எண்ணிக்கையை வைத்துப் பதின்மூவர் ரக்பி, பதினைவர் ரக்பி என்று எழுதலாம். பிரெஞ்சுக்காரர்களும் பதின்மூவர் ஆட்டம் என்றுதான் சொல்கிறார்கள். 1998 காமன்வெல்த் போட்டியில் நம் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் நடந்தது எழுவர் ஆட்டம். கோப்ரா என்ற ரக்பி கிளப் 1967இல் அதே ஊரில் தொடங்கிவைத்தது பதின்மர் ஆட்டம். ஆகவே இந்த முறை நமக்குப் புதிதல்ல.

ஒரு சொல் மட்டும் பாக்கி. இரண்டு நாடுகள் மூன்றாவது நாட்டில் போய் ஆடினால் அந்த இடத்தை ‘நியூட்ரல் வென்யூ’ என்கிறார்கள். ‘நடுநிலைத் திடல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

— ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், ஜார்ஜ் டவுன்

*

வாத்தியார் ஐயா, ‘நடுநிலைத் திடல்’ எனக்குச் சம்மதம். பினாங்கு எஸ்பிளனேடில் இருப்பதும் திடல், தோட்டப் பள்ளிக்குப் பின்னால் இருப்பதும் திடல். பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

— பட்டர்வொர்த்

*

வாத்தியார் ஐயாவுக்கும் பட்டர்வொர்த் அண்ணனுக்கும் வணக்கம்.

திடலைப் பற்றிப் பிறகு பேசுவோம். நான் மறுப்பது ‘நடுநிலை’யை. சிறு நாடுகளின் ரக்பி லீக் ஆட்டங்கள் எங்கே, எப்படி நடக்கின்றன என்று கொஞ்ச காலம் கவனித்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு அணிக்கும் சொந்த நாடு இல்லை என்பதாலேயே ஓர் ஊர் நடுநிலை ஆகிவிடுவதில்லை.

2017 மே 6ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். சிட்னியின் தென்மேற்கே கேம்பல்டவுனில் ஒரே நாளில் மூன்று அனைத்துலக ஆட்டங்கள். பாப்புவா நியூகினியும் குக் தீவுகளும், தொங்காவும் ஃபிஜியும், இங்கிலாந்தும் சமோவாவும் மோதின. ஆறு அணிகளில் ஆஸ்திரேலியா இல்லை. ஏட்டில் மூன்றுமே நடுநிலை ஆட்டங்கள். ஆனால் அந்த வட்டாரத்தில் சமோவா, தொங்கா, ஃபிஜிக் குடும்பங்கள் வீடு வாங்கி, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி பார்த்தாகிவிட்டது. சமோவாவை எதிர்த்து ஆடிய இங்கிலாந்துக்கு அது எப்படி நடுநிலையான இடம்?

அடுத்த ஆண்டு அக்டோபரில் தொங்காவும் ஆஸ்திரேலியாவும் முதன்முறையாக டெஸ்ட் ஆட்டத்தில், அதாவது முழு அனைத்துலக ஆட்டத்தில், சந்தித்தன. இடம் நியூசிலாந்தின் ஆக்லாந்து, மவுண்ட் ஸ்மார்ட் அரங்கம். பார்வையாளர் பக்கம் முழுக்கத் தொங்காவின் சிவப்பு. காரணம் எளிது. தொங்கா நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 100,000. நியூசிலாந்தில் 2018இல் எடுத்த கணக்கெடுப்பில் தொங்கா வழிவந்தவர்கள் 82,000க்கும் மேல். குக் தீவுகளில் இந்த விகிதம் தலைகீழாகவே ஆகிவிடுகிறது: தீவுகளில் சுமார் 15,000 பேர், நியூசிலாந்தில் 80,000 பேர். பசிபிக் தீவு நாடான நியுவேயில் 2,000 பேர்கூட இல்லை. இப்படிப்பட்ட நாட்டின் அணிக்குச் ‘சொந்த ஊர்’ எது?

இதைக் கலைச்சொல் குழுமம் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஆட்டத்தை ஏற்பாடு செய்பவருக்குச் செலவும் வரவும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கின்றன. சிறு நாட்டுச் சம்மேளனத்திடம் பணம் இல்லை. விமானச் சீட்டு, தங்குமிடம், ஆட்டக்காரர் காப்புறுதி, மருத்துவர், நடுவர்கள் என்று செலவு முன்கூட்டியே வந்து நிற்கும். ஆட்டக்காரர்களில் பலர் சிட்னி, ஆக்லாந்து கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டுக்காக ஆட விதி இடம் தருகிறது. ஜேசன் தௌமலோலோ ஆக்லாந்தில் பிறந்தவர், நியூசிலாந்துக்கு ஆடியவர். 2017 உலகக் கிண்ணத்துக்குத் தொங்காவைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் கிண்ணப் போட்டியில் நியூசிலாந்தின் ஹேமில்டனில் தொங்கா 28-22 என நியூசிலாந்தை வென்றது. 2019 நவம்பரில் ஆக்லாந்து ஈடன் பார்க்கில் 16-12 என ஆஸ்திரேலியாவையும் வென்றது. இரண்டும் தொங்கா மண்ணில் நடக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டங்களில் தொங்கா அணி அந்நிய ஊரில் ஆடியது என்று யாராவது சொல்ல முடியுமா?

கிளப் ஓர் ஆட்டக்காரரை ஒரு வாரம் விடுவிப்பதே பெரிது. ஆட்டம் அவர் குடியிருக்கும் நகரத்திலேயே நடந்தால் பயிற்சிக்கு வீட்டிலிருந்தே வந்துவிடுவார். அவருடைய அத்தை, மாமா, சபைக்காரர்கள் எல்லாரும் சீட்டு வாங்குவார்கள். கேம்பல்டவுனில் செய்ததுபோல் ஒரே நாளில் மூன்று ஆட்டம் வைத்தால் அரங்கக் கட்டணம் ஒன்றுதான், ஒளிபரப்புக் குழுவும் ஒன்றுதான். தலைநகரில் நடத்த முடியவில்லையே என்று பரிதாபப்பட வேண்டிய ஏற்பாடு இல்லை இது. சிறு நாட்டு அணி பெரிய அணியோடு சரிக்குச் சமமாக ஆட உருவான நல்ல வழி. அதற்கு ‘நடுநிலை’ என்று பெயர் வைத்தால் அந்த வழியையே மறைத்துவிடுகிறோம்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 2023இல் பசிபிக் போட்டியின் ஒரு பிரிவு முழுக்கப் பாப்புவா நியூகினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் நடந்தது. பாப்புவா நியூகினிக்கு ரக்பி லீக் உயிர். அங்கே அது சொந்தக் களம். ஆனால் அதே ஊரில் ஃபிஜியும் குக் தீவுகளும் மோதியபோது இரண்டு அணிக்குமே அது பிறத்தியார் வீடு. தங்களுக்கென்று கூட்டம் வரும் என்று நம்பி அவர்கள் வரவுசெலவு போட முடியாது. இங்கே ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துவது ஏற்று நடத்தும் நாடு. நம் நாளிதழ்களில் உபசரணை நாடு என்று எழுதுகிறோமே, அந்தப் பொறுப்பு.

ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும். அணியின் உறவு சனம் குடியேறிய ஊர் என்பதால் அங்கே ஆடினால் ‘உறவுக்களம்’. வேறொருவர் இடம் கொடுத்ததால் மட்டும் ஆடினால் ‘இரவற்களம்’. நடுநிலைக்களம் என்பதை 2018 ஜூனில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் அமெரிக்காவின் டென்வரில் ஆடியதுபோன்ற ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். புதிய ஊரில் ஆட்டத்தை அறிமுகப்படுத்தலாம் என்று இரண்டு பெரிய அணிகள் தாங்களே விரும்பிப் போன ஆட்டம் அது.

இந்தச் சொற்களின் தேவை கூடத்தான் போகிறது. 2022இல் நடந்த உலகக் கிண்ணத்தில் 16 அணிகள் ஆடின. ஜமைக்காவும் கிரீஸும் முதன்முறையாக வந்தன. அடுத்த கிண்ணத்தை நடத்த இருந்த பிரான்ஸ், அரசின் நிதி உத்தரவாதம் கிடைக்காமல் 2023இல் விலகியது. போட்டி 2026க்குத் தள்ளிப்போய் ஆஸ்திரேலியாவுக்கு மாறியது. ஆண்கள் பிரிவு 10 அணிகளாகச் சுருங்கியது. வெளியே நிற்கும் நாடுகளுக்கு இனித் தனி ஆட்டங்களே கதி. அவற்றை எங்கே நடத்துவது என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வரும்.

— பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

*

தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். விளக்கம் நன்று, ஆனால் எனக்கு இரண்டு தடைகள்.

முதலாவது, 2024 செப்டம்பரில் பாலஸ்தீனக் காற்பந்து அணி உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஜோர்டானை எதிர்த்துத் தன் ‘சொந்த’ ஆட்டத்தை கோலாலம்பூரில் எங்கள் செராஸ் அரங்கில் ஆடியது. இடம் இரவல்தான். ஆனால் கொடி பிடித்து வந்து கத்தியவர்கள் மலேசியர்கள். பாலஸ்தீனத்தோடு அவர்களுக்கு இரத்த சம்பந்தம் கிடையாது. தம்பியின் இரண்டு பெட்டியில் இதை எதில் போடுவது?

இரண்டாவது, ‘இரவல்’ ஓர் அணியின் மானத்தைக் குறைக்காதா? தன் நாட்டில் ஆட முடியாத நிலையில் இருக்கிறவர்களைப் பார்த்து இரவல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘விருந்துக்களம்’ என்றால் என்ன?

— செராஸ்

*

அக்கா, உங்கள் முதல் கேள்விதான் இந்த இழையிலேயே கனமானது. பாலஸ்தீனம் செராஸில் ஆடியதை உறவுக்களம் என்றே எழுதலாம் என்பேன். தமிழில் உறவு பிறப்பால் மட்டும் வருவதில்லை, உறவு கொண்டாடுகிறோம். அன்று செராஸில் நடந்தது அதுதான். ஜமைக்கா 2022 ரக்பி லீக் உலகக் கிண்ணத்தில் அயர்லாந்தை எதிர்த்து இங்கிலாந்தின் லீட்ஸில் ஆடியபோது அந்த நகரத்துக் கரீபியக் குடும்பங்களுக்கு அது பிறப்பால் வந்த உறவு. செராஸில் இருந்தது மனத்தால் வந்த உறவு. அந்த மக்கள் எப்படி உறவானார்கள் என்று சொற்றொகுப்பு விசாரிக்க வேண்டியதில்லை. கூட்டம் யாருடையது என்று பார்த்தால் போதும்.

நம் ஊரிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. 1997இல் கோலாலம்பூரில் நடந்த ஐசிசி கிண்ணக் கிரிக்கெட் போட்டியில் வங்காளதேசம் 1999 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது, இறுதியாட்டத்தில் கென்யாவையும் வென்றது. 2000இல் டெஸ்ட் நாடும் ஆனது. அப்போதே இந்த நகரத்தின் கட்டுமானத் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்த வங்காளதேசத்தவர் எத்தனை ஆயிரம் என்பது நமக்கெல்லாம் தெரியும். அவர்களுக்கு அது உறவுக்களம். கென்யாவுக்கு அதே புல்தரை இரவற்களம். ஒரே இடம் ஒரே நாளில் ஓர் அணிக்கு ஒன்றாகவும் மற்ற அணிக்கு வேறாகவும் இருக்க முடியும் என்பதையும் பதிவில் சேர்க்க வேண்டும். ‘நடுநிலை’ என்ற ஒற்றைச் சொல்லால் இதைச் சொல்லவே முடியாது.

இதனால்தான் திடலையும் விட்டுக்கொடுக்கும்படி பட்டர்வொர்த் அண்ணனைக் கேட்கிறேன். திடல் என்பது புல்லும் கோடும் உள்ள இடம். பதினைவர் ஆடும் திடலில் கோட்டை மாற்றிப் போட்டால் பதின்மூவர் ஆடலாம். இரண்டும் 100 மீட்டர் நீளத்துக்கு அமைவதுதான். களம் என்றால் அந்த இடத்துக்கும் அணிக்கும் உள்ள தொடர்பு. திடல் ஒன்றாகவே இருக்கும், களம் அணிக்கு அணி மாறும்.

‘இரவல்’ பற்றி: நூலகத்தில் புத்தகத்தை இரவல் வாங்குகிறோம். அறிவிப்புப் பலகையிலும் அப்படியே எழுதியிருக்கிறார்கள், யாரும் தலைகுனிவதில்லை. உங்கள் ‘விருந்துக்களம்’ அழகான சொல், ஆனால் விருந்தாளிக்குச் செலவில்லை. இரவற்களத்தில் ஆடும் அணிக்கு வாடகையும் பயணச் செலவும் தலைமேல் நிற்கின்றன. அதை மறைக்கும் சொல் ஏற்பாட்டாளருக்கு உதவாது. ஒரு சிறு நாட்டுச் சம்மேளனம் அனைத்துலகச் சம்மேளனத்திடம் உதவி கேட்டு எழுதும்போது, இது எங்களுக்கு இரவற்களம், சீட்டு விற்றுச் செலவை ஈடுகட்ட முடியாது என்று ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும்.

— பிரிக்பீல்ட்ஸ்

*

நூலகத்தைச் சொன்னீர்கள், ஏற்றுக்கொண்டேன். ஆனால் பாலஸ்தீனத்தைப் பற்றி எழுதும்போது நான் உறவுக்களம் என்றே எழுதுவேன், இரவல் என்று எழுத மாட்டேன்.

— செராஸ்

*

களம் இருக்கட்டும். பள்ளித் திடலை மட்டும் களம் ஆக்கிவிடாதீர்கள்.

— பட்டர்வொர்த்

*

அனைவருக்கும் நன்றி. பதிவை இப்படி எழுதுகிறேன்:

உறவுக்களம்: ஓர் அணி தன் நாட்டுக்கு வெளியே, தன்னைச் சேர்ந்தவர்களோ தன்னோடு உறவு கொண்டாடுபவர்களோ கூட்டமாக வாழும் ஊரில் ஆடும் களம். இரவற்களம்: தன் நாடும் இல்லாமல், தனக்கென்று கூட்டமும் இல்லாமல், பிறர் இடம் கொடுத்ததால் ஓர் அணி ஆடும் களம். ஒரே அரங்கம் ஓர் அணிக்கு உறவுக்களமாகவும் எதிரணிக்கு இரவற்களமாகவும் அமையலாம். நடுநிலைக்களம்: இரு அணிகளும் விரும்பித் தேர்ந்த மூன்றாம் நாட்டுக் களம்.

எழுத்து பற்றி ஒரு குறிப்பு. ‘இரவல்களம்’ என்று பிரித்து எழுதலாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். நாம் கால்பந்து என்று எழுதுவதில்லை, காற்பந்து என்றே எழுதுகிறோம். அதே விதிப்படி இரவற்களம் என்றே இருக்கட்டும்.

தாத்தா பாட்டி வழியில் ஒரு நாட்டுக்கு ஆடத் தகுதி பெறுபவருக்கு இன்னும் சொல் இல்லை. ‘வம்சாவளி ஆட்டக்காரர்’, ‘வேர்வழி ஆட்டக்காரர்’ என்ற இரண்டு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. அதைத் தனி இழையில் தொடங்குகிறேன். பிரிக்பீல்ட்ஸ் தம்பி தௌமலோலோவைப் பற்றி எழுதிய பத்தியை அங்கே முதல் மடலாகப் போட்டுவிடுங்கள்.

— ஜார்ஜ் டவுன்