இடக்கண்ணில் மட்டும் அழுத்தம் 34, ஐரிஸில் புது ரத்தக் குழாய்கள்: எது எதனால் வந்தது?

பாலக்கோட்டான்:
எங்கள் அப்பாவுக்கு 63 வயது. தக்காளி மண்டியில் கணக்கெழுதுகிறார். திறந்த கோண கிளாக்கோமாவுக்கு (கண் அழுத்த நோயின் ஒரு வகை) நான்கு ஆண்டுகளாக இரவில் லட்டானோபிராஸ்ட் சொட்டு விடுகிறோம். அழுத்தம் 16, 17 என்றே இருந்து வந்தது. போன வாரம் இடக்கண்ணில் மட்டும் 34 காட்டியது. ஐரிஸில் (பாவையைச் சுற்றியுள்ள நிற வளையம்) புது ரத்தக் குழாய்கள் இருப்பதாகவும் சீட்டில் எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை நோய் 15 ஆண்டுகளாக உண்டு. அழுத்தத்தால் குழாய் வந்ததா, குழாயால் அழுத்தம் ஏறியதா? சொட்டு விட்டால் கண் சிவக்கும் என்றார்களே, அதுதானோ?

கிருஷ்ணகிரி ஆப்டோமெட்ரிஸ்ட்:
ஐயா, சொட்டினால் சிவப்பது வெள்ளைவிழி. அந்த மருந்து ஐரிஸின் நிறத்தைக் கருமையாக்கலாம், இமைமுடியை நீளச் செய்யலாம், ஆனால் ஐரிஸில் குழாயை முளைக்க வைக்காது. வெறும் அழுத்தமும் அதைச் செய்வதில்லை. சர்க்கரையாலோ சிரை அடைப்பாலோ விழித்திரைக்கு ரத்தம் போதாமல் போகும்போது, அது புதுக் குழாய்களை வளர்க்கும் புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதம் கண்ணின் முன்பக்கம் வந்து சேர்ந்ததும், கண்பாவையின் ஓரத்தில் சிவப்பு நூலிழைகள் ஒழுங்கில்லாமல் படரத் தொடங்குகின்றன. கிளாக்கோமா உள்ளவர்களுக்குச் சிரை அடைப்பு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், பழைய நோய்க்கும் இதற்கும் அப்படியொரு சுற்றுவழித் தொடர்பு இருக்கக்கூடும்.

இந்தக் குழாய்களோடு வரும் மெல்லிய ஜவ்வு, நீர் வடியும் சல்லடைமேல் படிகிறது. அந்தச் சல்லடை இருக்கும் மூலையான கோணம் திறந்தே தெரியும், அழுத்தம் மட்டும் ஏறும். பின்னர் ஜவ்வு சுருங்கி ஐரிஸை இழுத்துக் கோணத்தையே மூடிவிடும். நம்மைப் போன்ற பழுப்புக் கண்களில் இந்த இழைகள் எளிதில் புலப்படா. அதிலும் பாவையை விரிக்கும் சொட்டு விட்ட பிறகு பார்த்தால் தவறவிட்டுவிடுவோம். உங்கள் மருத்துவர் கண்டுபிடித்தது நல்ல வேலை. கோனியோஸ்கோப்பியும் (லென்ஸ் வைத்துக் கோணத்தைப் பார்ப்பது) விழித்திரைப் பரிசோதனையும் இந்த வாரமே நடக்கட்டும்.

காவேரிப்பட்டணம் ஆசிரியை:
என் அம்மாவுக்கும் இதேதான். கண்ணுக்குள் ஊசி போட்ட சில நாட்களில் குழாய்கள் வதங்கிவிட்டன. சரியாகிவிட்டது என்று நாங்களே முடிவுகட்டி, விழித்திரைக்குச் சொன்ன லேசரைத் தள்ளிப்போட்டோம். ஊசியின் வேகம் அடங்கியதும் மறுபடி முளைத்தன. லேசரைத் தள்ளிப்போடாதீர்கள், தம்பி.

பாலக்கோட்டான்:
மிக்க நன்றி, அக்கா. அழுத்தத்தைக் குறைக்க டிமோலால் சொட்டும் சேர்க்கலாம் என்கிறார்கள். அப்பாவுக்கு இளைப்பு உண்டு.

கிருஷ்ணகிரி ஆப்டோமெட்ரிஸ்ட்:
அதை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். டிமோலால் மூச்சுக்குழாயைச் சுருக்கும். இளைப்புக்காரர்களுக்கு அது ஆகாது, வேறு மருந்துகள் இருக்கின்றன.