ஒரு குண்டு பட்டால் ஆள் விழுவாரா? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சுடுதளப் பயிற்சியாளர்

வணக்கம். பத்தொன்பது வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறேன். தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி வாங்கி வருபவர்களில் பாதிப்பேர் முதல் நாளே கேட்பது இதைத்தான்: "சார், ஒரே தோட்டாவில் ஆளைச் சாய்க்கிற மாதிரி எது இருக்கு?"

குண்டு பட்டதும் ஆள் பின்னால் தூக்கி எறியப்படுவார் என்ற நம்பிக்கைதான் இந்தக் கேள்வியின் வேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 மில்லிமீட்டர் குண்டின் எடை சுமார் 8 கிராம், வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர். அது 70 கிலோ ஆளின் உடம்புக்குள் போய் அப்படியே நின்றுவிட்டாலும், அவரைப் பின்னோக்கித் தள்ளும் வேகம் விநாடிக்கு 4 சென்டிமீட்டர்தான். சுடுகிறவரின் உள்ளங்கையும் ஏறக்குறைய அதே உதையைத்தான் வாங்குகிறது. அவர் விழுவதில்லையே!

வகுப்பில் இதை எத்தனை தடவை சொன்னாலும் தலையாட்டிவிட்டு, மறுநாள் அதே கேள்வியோடு வருகிறார்கள். அதனால்தான் கேட்கிறேன். கண்ணால் பார்த்தவர்கள் எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம்.

இரவுப்பணி செவிலியர்

அவசரப் பிரிவில் பல வருஷம் இருந்தவள் நான். ஒரு ராத்திரி ஒருத்தர் தானே நடந்து வந்தார். "யாரோ விலாவுல ஓங்கிக் குத்தின மாதிரி இருக்கு" என்றுதான் சொன்னார். சட்டையைக் கத்தரித்தபோதுதான் தெரிந்தது. வலது மார்புக்குக் கீழே ஒரு ஓட்டை, என் சுண்டுவிரல் நுனிகூட நுழையாது. ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு வளையம். ரத்தம் ஒரு கைக்குட்டையை நனைக்கிற அளவுக்குக்கூட இல்லை.

கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பெயர், வயது, சாப்பிடுகிற மாத்திரை எல்லாம் தெளிவாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் உதடு வெளுத்து, பிரஷர் சரசரவென்று இறங்கியது. மார்புக்குள் ரத்தம் சேர்ந்திருந்தது. குழாய் போட்டு வடித்து, அறுவை அரங்குக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள்.

இன்னொருவருக்குத் தொடையில்தான் பட்டது. "கால்தானே" என்று கூட வந்தவர்களே சொன்னார்கள். பெரிய தமனி அறுந்திருந்தது. எங்கள் கைக்கு வரும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

எங்கள் சர்ஜன் அடிக்கடி சொல்வார்: இதயமே நின்றுபோனாலும் மூளையில் மிச்சமிருக்கிற ஆக்சிஜன் பத்துப் பதினைந்து விநாடிக்கு ஆளை இயங்க வைக்கும். மூளையோ மேல் தண்டுவடமோ அடிபட்டால் ஒழிய, "பட்டதும் விழுந்தான்" என்பதற்கு உடம்பில் உத்தரவாதம் கிடையாது. பயத்திலேயே விழுந்துவிடுகிறவர்களும் உண்டு, பட்டதே தெரியாமல் ஓடுகிறவர்களும் உண்டு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். கையிலோ காலிலோ குண்டு பட்டு ரத்தம் கொட்டினால் துணியைக் காயத்துக்குள் திணித்து, முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே இருங்கள். எட்டி எட்டிப் பார்க்காதீர்கள். முன்பக்கம் ஒரு ஓட்டை இருந்தால் முதுகையும் அக்குளையும் தடவிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற காவலர்

சிஸ்டர் சொன்னதைப் படித்த பிறகுதான் எழுதத் தோன்றியது. வீட்டில்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை.

பணியில் இருந்த காலத்தில் ஒரே ஒரு முறை மனிதர் மேல் சுட்டிருக்கிறேன். .38 ரிவால்வர். கையில் கத்தியோடு ஒருவர், மூன்று மீட்டர் தூரம், ஒடுக்கமான அறை. நான் இரண்டு முறை சுட்டதாகத்தான் என் நினைவு. சத்தமே கேட்கவில்லை, தூரத்தில் கதவு சாத்துகிற மாதிரி ஏதோ ஒன்று. அவர் நிற்கவில்லை. வந்து என் இடது கையை வெட்டிவிட்டு, என்னைத் தாண்டி வாசல் வரை போய், அங்கே உட்கார்ந்தார். விழவில்லை, உட்கார்ந்தார்.

பிறகு தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைத் திறந்து பார்த்தால் ஐந்து தோட்டாவின் பிரைமரில், அதாவது ஊசி அடிக்கும் அடிப்பகுதியில், குழி விழுந்திருக்கிறது. ஆறாவது மட்டும் பளபளவென்று இருந்தது. அந்த ஐந்து குழியையும் திரும்பத் திரும்ப எண்ணினேன். மூன்று எப்போது சுட்டேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

அவர் உடம்பில் பட்டது இரண்டு. ஒன்று முன்கையில், ஒன்று வயிற்றில். மற்ற மூன்றில் ஒன்று பலகைத் தடுப்பைத் துளைத்து, அடுத்த அறையில் இருந்த அலமாரிக் கதவில் போய்ப் புதைந்திருந்தது. அந்த அறையில் அன்றைக்கு யாரும் இல்லை. என் புண்ணியம், அவ்வளவுதான். "எது ஆளைச் சாய்க்கும்" என்று கேட்கிறவர்கள், குறி தப்பிய குண்டு எங்கே போகும் என்று ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

தோட்டா சோதிப்பவர்

ஐயா, எழுதியதற்கு நன்றி. எனக்கு அப்படி ஓர் அனுபவம் இல்லை. உடம்புச் சதைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டுச் சோதிப்பது என் வேலை, அதில் பார்த்ததைச் சொல்கிறேன்.

பத்து சதவீத ஜெலட்டினை 4 டிகிரி செல்சியஸில் வைத்திருப்போம். முதலில் 4.5 மில்லிமீட்டர் இரும்புக் குண்டுமணி ஒன்றை விநாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் சுட வேண்டும். அது எட்டரை சென்டிமீட்டரை ஒட்டிய ஆழத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் கட்டி சரியில்லை, அன்றைய கணக்கு எதுவும் செல்லாது. இதைச் செய்யாமல் எடுத்த காணொளிகளை வைத்துத் தோட்டா வாங்காதீர்கள்.

உருண்டை மூக்குள்ள, முழுக்க உலோக உறை போர்த்திய சாதாரண 9 மில்லிமீட்டர் குண்டு 60 சென்டிமீட்டர் வரைகூடப் போகும். அதாவது ஆளைத் தாண்டி வெளியே போகும். மூக்கில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் குண்டு மூக்கு விரிந்து, காளான் மாதிரி ஆகி, பாதியிலேயே நிற்கும். ஆனால் கட்டிக்கு முன்னால் நான்கு மடிப்பு டெனிம் துணியைத் தொங்கவிட்டால் கதையே மாறிவிடுகிறது. ஒருமுறை குட்டைக் குழல் பிஸ்டலில் சுட்ட குண்டு ஒன்றை ஜெலட்டினிலிருந்து கிண்டி எடுத்தேன். மூக்குக் குழிக்குள் நீலத்துணி விளக்குத்திரி மாதிரி இறுகி அடைத்திருந்தது. ஒரு இதழ்கூட விரியவில்லை. விலை உயர்ந்த ஹாலோ பாயின்ட், சாதாரணக் குண்டு மாதிரியே மறுபக்கம் வரை போயிருந்தது. குழல் குட்டையானால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் விரிவது சந்தேகம். 9-ஐவிட வலு குறைந்த .380 தோட்டாவில் இது இன்னும் சிக்கல். விரிந்தால் ஆழம் போதாது, ஆழம் போனால் விரியாது.

ஆழம் ஏன் முக்கியம் என்பதற்கு 1986 ஏப்ரல் 11, அமெரிக்காவின் மயாமியில் நடந்த துப்பாக்கி மோதலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் சுட்ட 115 கிரெய்ன் (சுமார் ஏழரை கிராம்) 9 மில்லிமீட்டர் குண்டு மைக்கேல் பிளாட் என்ற கொள்ளையரின் வலது மேற்கையைத் துளைத்து, மார்புக்குள் நுழைந்து, இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனாலும் அவர் சுட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். அதன் பிறகு வந்ததுதான் ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குல ஆழம் என்ற அளவுகோல். எதிராளி நேராக நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்க மாட்டார். கை குறுக்கே இருக்கும், உடம்பு திரும்பியிருக்கும்.

புதியவர்

அப்படியென்றால் இன்னும் பருத்த குண்டு போடும் .45 வாங்கிவிடுவது நல்லதா அண்ணா?

சுடுதளப் பயிற்சியாளர்

தம்பி, நூற்றிருபது வருஷமாக ஓடுகிற வாதம் அது. 1904-இல் அமெரிக்க ராணுவத்துக்காக தாம்சனும் லாகார்டும் சிகாகோ இறைச்சிக்கூடங்களில் மாடுகளைச் சுட்டுப் பார்த்து .45-க்குக் குறையக் கூடாது என்றார்கள். அன்றைய குண்டுகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்றைக்கு 9 மில்லிமீட்டர், .45 இரண்டின் குறுக்களவுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர். மயாமிக்குப் பிறகு 10 மில்லிமீட்டர், .40 என்று போன எஃப்.பி.ஐ.யே கடைசியில் 9-க்குத் திரும்பிவிட்டது. உதை குறைவு, அடுத்த குண்டும் குறிக்குப் போகும், மேகசினில் கூடுதலாகவும் இருக்கும். உன் கையில் எது அடங்குகிறதோ அதையே எடு.

சிஸ்டர் சொன்ன அந்தப் பத்து விநாடியைத்தான் நான் இனி வகுப்பில் முதலில் சொல்லப்போகிறேன். கத்தியோடு ஓடிவருகிறவர் ஆறரை மீட்டரை ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார். பத்து விநாடியில் என்னென்ன நடக்கும் என்று யோசித்துப் பார். அதனால் வழி இருந்தால் விலகிப் போய்விடு, கதவு இருந்தால் சாத்து. சுட வேண்டியே வந்தாலும் நின்ற இடத்திலேயே நின்று பலனை எதிர்பார்க்காதே.

தோட்டாவைப் பற்றி ஒரு சின்ன விஷயம், யாரும் கவனிப்பதில்லை. தினமும் அதே தோட்டாவைத் துப்பாக்கிக் குழலின் பின்னறைக்குள் ஏற்றி இறக்கினால், நுனியில் இருக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டாவின் மருந்துக் கூட்டுக்குள் இறங்கிவிடும். உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறும். துப்பாக்கியே வெடிக்கலாம்.

புதியவர்

இப்போதுதான் மேகசினில் மேலே இருந்த தோட்டாவை எடுத்துப் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன் அண்ணா. நகக்கண் அளவுக்குக் குட்டையாக இருக்கிறது. ஆறு மாசமாக ராத்திரி ஏற்றி, காலையில் இறக்குவது இதைத்தான்.

சுடுதளப் பயிற்சியாளர்

அதைச் சுடாதே. திரும்ப ஏற்றவும் ஏற்றாதே. தனியாக ஒரு டப்பாவில் போட்டு, சனிக்கிழமை வரும்போது எடுத்து வா. மற்ற தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.