28 நாளை மாதம் என்று விற்கலாமா?

முக்கூடல்காரி | காலை 9:12

செல்போன் ரீசார்ஜ் பற்றி நேற்று பாளை பொறியாளர் இங்கே எழுதியது இது: "ஒரு நாளைக்குப் பத்து ரூபாய், ஒரு டீ காசு. 28 நாள் 28 நாள் என்று புலம்புகிறவர்களுக்குக் கணக்கு வராது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எனக்குக் கணக்கு வரும். எங்கள் அம்மாவுக்கு என்னைவிட நன்றாக வரும். பீடியைக் கட்டுக் கட்டாக எண்ணிக் கடையில் கொடுக்கிறவள். ஒரு கட்டு குறைந்தாலும் அங்கே கூலியில் பிடித்துவிடுவார்கள்.

ஜனவரி 1-ஆம் தேதி 28 நாள் ரீசார்ஜ் போடுங்கள். அடுத்தது ஜனவரி 29, அப்புறம் பிப்ரவரி 26, மார்ச் 26, ஏப்ரல் 23, மே 21. இப்படியே போனால் டிசம்பர் 3-ஆம் தேதி பதின்மூன்றாவது. வருடத்தில் மாதம் பன்னிரண்டுதானே? பதின்மூன்றாவது ரீசார்ஜ் எங்கிருந்து வந்தது? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பாளை பொறியாளர் | காலை 9:40

பதில் எளிது. எந்தக் கம்பெனியும் மாதம் என்று சொல்லவில்லை. '28 நாட்கள்' என்றுதான் போட்டிருக்கிறது. நான்கு வாரம். ஞாயிற்றுக்கிழமை போட்டால் அடுத்ததும் ஞாயிற்றுக்கிழமைதான்.

2003 ஏப்ரல் மாதம் வரை நமக்கு வருகிற அழைப்புக்கும் நாமே காசு கட்டினோம் தங்கச்சி. 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன் ஒரு ஜிபி வாங்கி மாதம் பூராவும் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வோம். இன்றைக்கு அதை ஒரே நாளில் தீர்த்துவிட்டுப் பதின்மூன்று, பதின்மூன்று என்கிறீர்கள். 2022-இல் 5ஜி அலைக்கற்றை ஏலத்துக்கு மட்டும் கம்பெனிகள் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்குக் கேட்டிருக்கின்றன. அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

முக்கூடல்காரி | காலை 9:58

நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை. 2003-ஐப் பற்றியும் ஏலத்தைப் பற்றியும் நான் கேட்கவில்லை. பதின்மூன்றாவது ஏன் என்று கேட்டேன்.

வாரக் கணக்கில் விற்கிறவர்கள் விலையையும் வாரத்துக்கு இவ்வளவு என்று போடட்டும். கடையில் போய் "ஒரு மாதத்துக்குப் போடுங்க" என்றால் 28 நாளைத்தான் போட்டுவிடுகிறார்கள். யாரும் "இது மாதம் இல்லை, இரண்டு மூன்று நாள் குறையும்" என்று சொல்வதில்லை.

வள்ளியூர் கடைக்காரர் | காலை 10:25

கடைக்காரர்களை ஏன் இழுக்கிறீர்கள்? நூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் போட்டால் எனக்கு மூன்று ரூபாய்கூட நிற்பதில்லை. பாதிப் பேர் போனிலேயே போட்டுக்கொள்கிறார்கள். வருகிற பெரியவர்களுக்கு எண்ணை இரண்டு தடவை சரிபார்த்து, மெசேஜ் வந்ததா என்று பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

ஒன்று கேட்கிறேன் அக்கா. பீடிக் கூலி வாரத்துக்கு வாரம்தானே வருகிறது? சனிக்கிழமை கூலி வாங்குகிறவர்களுக்கு நான்கு வாரக் கணக்குத்தானே வசதி?

முக்கூடல்காரி | காலை 10:51

அண்ணாச்சி, கூலி வாரத்துக்கு வருகிறது, சரி. வீட்டு வாடகை வாரத்துக்கா? சீட்டு, குழுக் கடன் தவணை, கேபிள், பால் கணக்கு எல்லாம் மாதம். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 15-ஆம் தேதி வருகிறது. அந்தப் பணத்தில்தான் அம்மா போனுக்குப் போடுகிறாள். ஒரு மாதம் 15-இல் போட்டால் அடுத்த தடவை 12 அல்லது 13-இலேயே நின்றுவிடுகிறது. கையில் காசு வருவதற்கு முன்னால் போன் நிற்கிறது. அந்த இரண்டு மூன்று நாளைத்தான் நான் பேசுகிறேன். உங்களுக்கெல்லாம் அது டீ காசாகத் தெரிகிறது.

போன் நின்றால் என்ன ஆகும் என்றும் சொல்கிறேன். எங்கள் ஆச்சியின் பட்டன் போனில் சித்தப்பா வளைகுடாவிலிருந்து கூப்பிடுவார். அவளுக்கு வெளியே பேசத் தேவையே இல்லை, வருகிற அழைப்பு வந்தால் போதும். 2018 கடைசியில் 35 ரூபாய் போட்டால்தான் உள்வரும் அழைப்பு என்று ஆக்கினார்கள். ஆயுள் முழுக்க இன்கமிங் என்று முன்பு காசு வாங்கினவர்களும் அதில் உண்டு. அதற்கும் அதே 28 நாள். 2024 ஜூலையில் அது 199 வரைக்கும் வந்துவிட்டது. ஒரு தடவை நாங்கள் கவனிக்காமல் விட்டதில் ஆச்சி நம்பரே போய்விட்டது. எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. ஆதாரோடு இணைத்த நம்பர் அது. ஓடிபி யாருக்குப் போகிறதோ தெரியாமல், ஆச்சியை ஆட்டோவில் ஏற்றி ஆதார் மையத்தில் உட்கார வைத்தோம். அம்மாவுக்கு அன்றைக்கு ஒரு பீடிகூடச் சுற்ற முடியவில்லை.

பாளை பொறியாளர் | காலை 11:20

உங்கள் ஆச்சிக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் விதியைப் படிக்காமல் பேசுகிறீர்கள். 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற திட்டமும் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். இணையம் வேண்டாம் என்கிறவர்களுக்குப் பேச்சு, எஸ்எம்எஸ் மட்டும் உள்ள திட்டம் தரச் சொல்லி 2024 டிசம்பரிலும் உத்தரவு வந்தது. 2025 ஜனவரியிலேயே கம்பெனிகள் கொடுத்துவிட்டன. ஆச்சிக்கு அதைப் போடலாமே?

முக்கூடல்காரி | காலை 11:34

"ஒன்றாவது" என்கிற வார்த்தையை நீங்களே எழுதிவிட்டீர்கள். முப்பது திட்டத்தில் ஒன்று மட்டும் மாதம். மற்றதெல்லாம் 28, 56, 84. எல்லாம் ஏழின் மடங்கு.

பேச்சு மட்டும் திட்டத்தையும் பார்த்தேன். ஜியோவில் 1,748 ரூபாய்க்கு 336 நாள் என்று கொடுத்தார்கள். 336 என்ன கணக்கு? பன்னிரண்டு 28. வருடத்துக்கு 29 நாள் குறைவு. ஏர்டெல் 365 நாள் கொடுத்தது, 1,849 ரூபாய். அவ்வளவையும் ஒரே தடவையில் எடுத்துக் கொடுக்க எங்கள் தெருவில் யாரிடம் இருக்கிறது?

பேட்டை ஓய்வூதியர் | மதியம் 12:15

தொலைபேசித் துறையில் 32 வருடம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். எங்கள் காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். வருடத்துக்கு ஆறு பில். ஏழாவது பில் ஒரு வருடமும் வந்தது கிடையாது. பணம் கட்டாவிட்டால் முதலில் வெளியே பேசுவதைத்தான் நிறுத்துவோம். வருகிற அழைப்பு கொஞ்ச நாள் ஓடும், ஒரு சாவுச் செய்தி வந்தால் தெரிய வேண்டாமா என்று. முக்கூடல் பிள்ளை கேட்பது நியாயமான கேள்வி. தனியாரிடம் போனால் இப்படித்தான். அரசுக் கம்பெனியில் இருங்கள். 2024 ஜூலையில் தனியார் மூன்றும் விலை ஏற்றியபோது பிஎஸ்என்எல் ஏற்றவில்லை.

தென்காசிச் சாரல் | மதியம் 12:32

பெரியவரே, அந்தக் காலத்தில் போன் கிடைத்தவர்களுக்கு ஆறு பில். எங்கள் அப்பா இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எத்தனை வருடம் காத்திருந்தார் என்று கேளுங்கள். போன் வந்த பிறகு மழை பெய்தால் டயல் டோன் இருக்காது. லைன்மேனுக்குத் தீபாவளி இனாம் கொடுத்தால் அடுத்த நாள் வரும்.

பேட்டை ஓய்வூதியர் | மதியம் 12:50

என் கையில் யாரும் இனாம் கொடுத்தது இல்லை. பாபநாசம் மலைப்பக்கம் கம்பி அறுந்தால் இருட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு ஏறியவர்கள் நாங்கள். வார்த்தையை அளந்து பேசுங்கள்.

தென்காசிச் சாரல் | மதியம் 12:58

உங்களைச் சொல்லவில்லை, துறையைச் சொன்னேன். பிஎஸ்என்எல் 4ஜி நாடு முழுவதும் தொடங்கி வைத்ததே 2025 செப்டம்பரில்தான். ஜியோவும் ஏர்டெல்லும் 2022-லேயே 5ஜிக்குப் போய்விட்டன. குற்றாலத்தில் கடை வைத்திருக்கிற எனக்கு க்யூஆர் காசு வந்த சத்தம் கேட்டால்தான் சாமான் கொடுக்க முடியும். இணையம் ஓடாத சிக்னலை வைத்து நான் என்ன செய்ய?

முக்கூடல்காரி | மதியம் 1:05

இனாம், கம்பி, க்யூஆர் எல்லாம் வேறு இடத்தில் பேசுங்கள். பதின்மூன்றாவது ரீசார்ஜுக்கு இன்னும் பதில் வரவில்லை.

வள்ளியூர் கடைக்காரர் | மதியம் 2:20

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2024 ஜூலை விலைப்படி ஜியோவில் தினம் ஒன்றரை ஜிபி, 28 நாள், 299 ரூபாய். அதே ஒன்றரை ஜிபி, தேதிக்குத் தேதி ஒரு மாதம், 319 ரூபாய். 299-ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் 3,887. 319-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 3,828. வருடத்துக்கு 59 ரூபாய்தான் வித்தியாசம். இந்த 59 ரூபாய்க்கா காலையிலிருந்து சண்டை?

முக்கூடல்காரி | மதியம் 2:31

அண்ணாச்சி, உங்கள் கணக்கு என் பக்கம்தான் வருகிறது. 299 பார்க்கக் குறைவு, கட்டுவது அதிகம். உங்கள் கடையில் இந்த வருடம் எத்தனை பேருக்கு 319 போட்டீர்கள்? நீங்களே ஒருத்தரிடமாவது "இருபது ரூபாய் கூடக் கொடுங்கள், மாதம் முழுக்க ஓடும்" என்று சொன்னீர்களா?

வள்ளியூர் கடைக்காரர் | மதியம் 2:44

இருபது ரூபாய் கூடச் சொன்னால் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள். பத்து ரூபாய் டாப் அப் போட்டால் 7.47-தான் ஏறும் என்பதற்கே இன்னும் என்னிடம் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மீதிக் காசை நான் எடுத்துக்கொண்டேன் என்று நினைக்கிறார்கள். வரியெல்லாம் போகத்தான் ஏறுகிறது, என் பைக்கு வருவதில்லை.

பாளை பொறியாளர் | மதியம் 3:10

59 ரூபாய் என்று நிரூபணம் ஆகிவிட்டது. ஒரு நாளைக்குப் பதினாறு பைசா. இதைத்தான் நேற்றே சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்க்காமல் உணர்ச்சியில் எழுதுகிறார்கள்.

முக்கூடல்காரி | மாலை 3:18

கணக்கு இன்னும் முடியவில்லை. காலையில் டிசம்பர் 3-ஆம் தேதியோடு நிறுத்தினேன். அது எந்த நாளோடு முடிகிறது? டிசம்பர் 30. அப்படியென்றால் டிசம்பர் 31-ஆம் தேதி பதினான்காவது ரீசார்ஜ் போட வேண்டும். ஒரே காலண்டரில் பதினான்கு தடவை. எங்கள் வீட்டில் நான்கு போன். நால்வருக்கும் கணக்குப் போடுங்கள்.

உங்களுக்கு உணர்ச்சி என்றால் என்ன என்று 2023 டிசம்பரிலேயே பார்த்தோம். 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, சிக்னல் இல்லாமல் அண்ணன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் நான் இதே குழுவில் கேட்டேன். "டவருக்கு டீசல் போனால் வரும், பதறாதீர்கள்" என்று எழுதினீர்கள். மூன்று நாள் கழித்து அவன் நடந்தே வந்தான். அந்த மூன்று நாளையும் எங்கள் 28-இல் கழித்துக்கொண்டார்கள்.

பாளை பொறியாளர் | மாலை 3:37

டவருக்கு டீசல் கொண்டுபோனவர்களில் நானும் ஒருத்தன். இடுப்பளவுத் தண்ணீரில் கேன் சுமந்தோம். அதை நான் எங்கும் எழுதிப் பெருமை பேசவில்லை. அந்த ஒரு வரியை இரண்டு வருடமாக மனதில் வைத்துக்கொண்டு 28 நாள் என்கிற பெயரில் என்னைத் திட்டுகிறீர்கள்.

பதினான்காவது என்பது தவறு. அது அடுத்த வருடக் கணக்கு.

முக்கூடல்காரி | மாலை 3:45

டீசல் சுமந்ததற்குக் கும்பிடு. உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் டிசம்பர் 31 எந்த வருடத்துத் தேதி? காசு எந்த வருடம் என் கையை விட்டுப் போகிறது?

திசையன்விளை | மாலை 4:02

யாராவது புகார் கொடுத்தீர்களா? முதலில் கம்பெனியில், அப்புறம் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரியிடம். தனி ஆள் புகாரை டிராய் விசாரிக்காது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், போன் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று சொல்லிவிட்டது.

தென்காசிச் சாரல் | மாலை 4:10

28 என்று எழுதி 28 கொடுத்தால் அதில் குறைபாடு என்று எதைக் காட்டுவீர்கள்?

பேட்டை ஓய்வூதியர் | மாலை 4:16

மழை பெய்தால் டயல் டோன் இல்லை என்று சொன்னவருக்கு இப்போது சட்டமும் தெரிகிறது.

தென்காசிச் சாரல் | மாலை 4:19

இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்களா பெரியவரே?

வள்ளியூர் கடைக்காரர் | மாலை 5:30

கடையில் கூட்டம். ஒன்று மட்டும் சொல்கிறேன். 319-ஐச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறேன். யாரும் குறை சொல்ல வேண்டாம் என்பதற்காகத்தான். அக்கா சொன்னதற்காக இல்லை.

முக்கூடல்காரி | மாலை 5:41

யாருக்காக எழுதினால் என்ன அண்ணாச்சி, எழுதினீர்களே. 319-ஐயும் 299-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஜனங்கள் பார்க்கட்டும்.

பொறியாளர் சார், டிசம்பர் 31?

பாளை பொறியாளர் | மாலை 6:05

சொல்லியாச்சு. நான்கு வாரம்.

முக்கூடல்காரி | மாலை 6:07

வாரம் எத்தனை என்று கேட்கவில்லை. மாதம் பன்னிரண்டு, ரீசார்ஜ் ஏன் பதின்மூன்று?