மெயின் வால்வு எங்கே இருக்கிறது? வெளிநாட்டில் முதல் வருடத்தில் இருப்பவர்களுக்கு

நேற்று ஒரு தம்பி எழுதியிருந்தார்: "வந்து நாலு மாதம் ஆகிறது. ஆபீஸ் வேலையைச் சமாளித்துவிடுகிறேன். முடித்து வந்தால் வீடு இன்னொரு வேலையாக நிற்கிறது. கடிதம், பில், படிவம், ஒழுகும் குழாய். இதையெல்லாம் யாருமே சொல்லித்தரவில்லையே அக்கா?" இரண்டு வரி பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வந்து 11 வருடம் ஆகிறது. யாரும் சொல்லித்தரவில்லை என்பது சரிதான். ஆனால் ஏன் சொல்லித்தரவில்லை என்று யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் யாரோ ஒருவர் அதைச் செய்துகொண்டே இருந்தார். கரண்ட் போனால் அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போவார், ஐந்து நிமிடத்தில் விளக்கு எரியும். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் என்ன செய்தார் என்று நான் ஒரு நாளும் எழுந்து போய்ப் பார்த்ததில்லை. இப்போது டார்ச் உங்கள் கையில், தம்பி.

எனக்கு அது புரிந்தது ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு. கை கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த சின்னக் குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வாளியை வைத்தேன். துண்டுகளைப் போட்டேன். அப்புறம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஊருக்குப் போன் போட்டேன். "வால்வை மூடும்மா" என்கிறார் அப்பா. "எந்த வால்வுப்பா?" என்கிறேன் நான். அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டுப் பெரியவர். அவர் வீட்டுக்குள் மேலிருந்து சொட்டுகிறதாம். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்து, வாசலை ஒட்டிய அலமாரியைத் திறந்து, ஒரு பிடியை வலப்பக்கமாகத் திருகினார். நின்றுவிட்டது. பத்து விநாடி வேலை. எட்டு மாதமாக அந்த அலமாரியில்தான் நான் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தேன்.

கீழ்வீட்டுக்கு நான் கொடுத்த நஷ்டஈடு தனிக் கதை. வீட்டு உரிமையாளரின் காப்பீடு பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும்தான். உங்கள் சாமான்களுக்கும், உங்களால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கும் நீங்கள்தான் தனியாக எடுக்க வேண்டும். வாடகைதாரர் காப்பீடு என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே அந்த ராத்திரிக்குப் பிறகுதான் தெரியும்.

அதனால் இன்றைக்கே மூன்று இடங்களைக் கண்டுபிடித்துவிடுங்கள்: தண்ணீர் வால்வு, மின்பெட்டி, கேஸ் இருந்தால் அதன் வால்வு. கண்டுபிடித்து போட்டோ எடுத்து, கூடத் தங்கியிருப்பவருக்கும் அனுப்புங்கள். கரண்ட் ஒரு பாதியில் மட்டும் போனால் பயப்பட வேண்டாம். பெட்டியில் ஏதோ ஒரு சுவிட்ச் கீழே விழுந்திருக்கும். அந்தப் பக்கம் சொருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு சுவிட்சை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைச் சொருகும்போது மறுபடி விழுகிறதோ, அதுதான் குற்றவாளி. எதுவும் சொருகாமலே விழுந்தாலோ, கருகின வாசனை வந்தாலோ தொடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கேஸ் வாசனை வந்தால் விளக்குச் சுவிட்சைக்கூடத் தட்டக் கூடாது. கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போய், அங்கிருந்து போன் செய்யுங்கள்.

வாசனையே இல்லாத ஆபத்து ஒன்றும் உண்டு, கார்பன் மோனாக்சைடு. குளிர்நாடுகளில் ஜன்னலை அடைத்துக்கொண்டு பழுதான ஹீட்டரை ஓடவிட்டால் வரும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிறது என்றால் அதைக் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். உடனே எல்லோரும் வெளியேறி, அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். கேஸ், விறகு, எண்ணெய் எது எரிந்தாலும் அந்த வீட்டில் இதற்கான அலாரம் இருக்க வேண்டும். புகை அலாரம் வேறு, இது வேறு.

சரி, கடிதங்களுக்கு வருகிறேன். உங்கள் நாலு மாதத்தில் பாதிப் பாரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

என்னிடம் ஒரு ஷூ பெட்டி இருந்தது. புரியாத மொழியில், ஜன்னல் வைத்த கவரில் வருவதெல்லாம் அதற்குள் போகும். "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்." அந்த ஞாயிறு ஐந்து மாதம் வரவில்லை. வந்தபோது ஒரே விஷயத்துக்கு மூன்று கடிதங்கள் இருந்தன. முதலாவது சின்ன அபராதம். இரண்டாவது நினைவூட்டல். மூன்றாவது, வசூல் ஏஜென்சியிடமிருந்து, தொகை ஏறக்குறைய இரட்டிப்பு. முதல் கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: தவறு என்று நினைத்தால் இந்தத் தேதிக்குள் எழுதவும். உண்மையிலேயே அது அவர்கள் தவறு. விலாசம் மாற்றிப் போட்டிருந்தார்கள். ஆனால் தேதி போய்விட்டது. கட்டினேன்.

நீங்கள் கவரைப் பிரித்த நாளிலிருந்து கெடு ஓடுவதில்லை. கடிதத்தில் போட்ட தேதியிலிருந்தோ, அது உங்கள் பெட்டிக்கு வந்துசேர்ந்ததாகச் சட்டம் கணக்கிடும் நாளிலிருந்தோ ஓடும். அதனால் வந்த அன்றே பிரியுங்கள். முழுதாகப் படிக்கக்கூட வேண்டாம். யார் அனுப்பினார்கள், என்ன கேட்கிறார்கள், எப்போதைக்குள். மூன்றையும் பேனாவால் கவரின் மேல் எழுதி வையுங்கள். போன் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தலாம், ஆனால் எண்களையும் தேதிகளையும் மூலத்திலேயே கண்ணால் பாருங்கள். 03/04 என்று இருந்தால் சில நாட்டில் அது ஏப்ரல் 3, சில நாட்டில் மார்ச் 4. ஒரு மாதமே மாறிப்போகும்.

பணம் இல்லையென்றால் கெடுவுக்கு முன்பே எழுதி, தவணை கேளுங்கள். முன்னால் கேட்பவர் விண்ணப்பதாரர், பின்னால் கேட்பவர் பாக்கிக்காரர், அதே அலுவலகத்தில் அதே ஆள் பேசும் விதமே மாறும். இன்னொன்று, உடனே கட்டாவிட்டால் கைது, பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். எந்த அரசு அலுவலகமும் பரிசு அட்டையில் வரி வாங்குவதில்லை. சந்தேகமாக இருந்தால் அவர்கள் கொடுத்த எண்ணுக்கு அழைக்காமல், அலுவலகத்தின் எண்ணை நீங்களே தேடி அழையுங்கள்.

வரி பற்றிச் சுருக்கமாக. உங்களை எந்த நாட்டு வரிக்கணக்கில் சேர்ப்பது என்று பார்க்க, அங்கே தங்கிய நாட்களை எண்ணுவார்கள், பல நாடுகளில் வருடத்துக்கு 183 நாள் என்பது ஒரு கோடு. ஆனால் அது மட்டுமே கோடு இல்லை. வீடு எங்கே, குடும்பம் எங்கே என்றும் பார்ப்பார்கள். ஊரில் வரும் வாடகையையும் வைப்புநிதி வட்டியையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கலாம். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் முழு வரி கட்டாமல் இருக்க நாடுகள் செய்துகொள்ளும் இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பதால் கணக்கே தாக்கல் செய்ய வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் வருடம் ஒரு கணக்கரிடம் காசு கொடுத்துச் செய்யுங்கள், இரண்டாம் வருடம் அதைப் பார்த்து நீங்களே செய்யலாம்.

கீழே கேள்விகள் வந்திருக்கின்றன. இங்கேயே சேர்த்துவிடுகிறேன்.

"அக்கா, கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருகிறேன். ஒழுங்காகக் கட்டுவதுதானே, தப்பில்லையே?"

தப்பு இல்லை தங்கச்சி, நஷ்டம். 1,000 பாக்கி, வருட வட்டி 24 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு வட்டி 20. குறைந்தபட்சம் 3 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 30. அசலில் குறைவது 10 மட்டும். புதிதாக ஒரு பொருளும் வாங்காமல் இப்படியே போனால் பாக்கி 500 ஆவதற்கு 69 மாதம், ஆறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் வட்டியாக மட்டும் 1,000 கட்டியிருப்பீர்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தால் முதலில் இதை அடையுங்கள். இதைத் தாண்டி வட்டி தரும் சேமிப்புக் கணக்கு பெரும்பாலும் கிடைக்காது.

"ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துவிட்டது. இங்கே கடையில் அந்தப் பெயரே இல்லை என்கிறார்கள்."

அது கம்பெனி வைத்த பெயர். அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கும், அதைக் காட்டுங்கள். அதிலும் ஓரிரண்டு சிக்கல் உண்டு. நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவிலும் கனடாவிலும் அசெட்டமினோஃபென் என்பார்கள். இரண்டும் ஒன்றே. தெரியாமல், காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரண்டு டப்பா வாங்கி விழுங்கினால் ஒரே மருந்து இரட்டிப்பாக உள்ளே போகும். பெரியவர்களுக்கு எல்லா வழியிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது உச்ச வரம்பு. மீறினால் கல்லீரல் கெடும். ஒரு தாளில் உங்கள் மருந்துகளின் பொதுப்பெயர், அளவு, ஒவ்வாமை, நடந்த ஆபரேஷன்கள் இவற்றை எழுதி பர்சில் வையுங்கள். ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில மருந்து வேறு நாட்டில் கட்டுப்பாட்டில் இருக்கும், அதனால் யாரையும் கொண்டுவரச் சொல்லும் முன் விசாரியுங்கள்.

இதோடு ஒட்டிய ஒன்று. ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து எனக்குப் போன் வந்தது. கூட வேலை பார்த்த பெண் மயங்கி விழுந்திருக்கிறாள், அவசரத் தொடர்பு என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள், போட்டுவிட்டாள். "நீங்கள் என்ன உறவு?" என்றார்கள். கூட வேலை பார்ப்பவள் என்றேன். அவளுடைய மருந்து தெரியுமா, ஒவ்வாமை தெரியுமா, வீட்டுச் சாவி யாரிடம், ஊரில் யாருக்குச் சொல்வது, எதற்கும் என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாளில் அவள் எழுந்துவிட்டாள். நல்ல கோபத்தில் திட்டினேன், பிறகு நானும் அவள் பெயரைத்தான் போட்டேன். இப்போது ஒருவர் சாவி இன்னொருவரிடம் இருக்கிறது, அந்தத் தாளின் நகலும் இருக்கிறது. யார் பெயரைப் போட்டிருக்கிறீர்கள், அவருக்கு அது தெரியுமா என்று இன்றைக்கே கேளுங்கள்.

"அம்மா அப்பாவுக்கு ஏதாவது ஆனால் என்ற பயத்தில் ராத்திரி போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறேன். அண்ணன் ஊரில் இருக்கிறார்."

நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டு தூங்குகிறேன், அது போகாது. அப்பா வழுக்கி விழுந்த அன்று எனக்குச் செய்தி வந்தது மறுநாள். "உனக்குச் சொல்லி என்ன செய்வாய் என்று சொல்லவில்லை" என்றான் ஊரில் இருக்கும் என் தம்பி. வலித்தது. ஆனால் அவன் சொன்னது நிஜம். நான் பணம் அனுப்பியிருந்தேன், அவன் மூன்று ராத்திரி மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முயன்றால் சண்டைதான் வரும். அதன் பிறகு தூரத்திலிருந்தே செய்யக்கூடியவற்றை நான் எடுத்துக்கொண்டேன். காப்பீட்டுப் படிவம், டாக்டர் நேரம் வாங்குவது, பரிசோதனை முடிவுகளைத் தேதிவாரியாகச் சேர்ப்பது. இதெல்லாம் அவனுக்குப் பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது. அண்ணனிடம் "எதைச் செய்ய உனக்குப் பிடிக்கவில்லை, அதைக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள்.

காகிதங்களை எல்லோரும் நன்றாக இருக்கும்போதே முடியுங்கள். இங்கிருந்து அதிகாரப் பத்திரம், அதாவது உங்கள் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போட அனுமதிக்கும் பத்திரம், அனுப்ப வேண்டுமென்றால், இரண்டு நாடுகளும் வெளிநாட்டு ஆவணங்களை ஏற்பது பற்றிய 1961 ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் அபோஸ்டில் என்ற ஒரு முத்திரை பொதுவாகப் போதும். இல்லையென்றால் தூதரகச் சான்று, அதற்கு நாள் பிடிக்கும். பெற்றோர் உங்களுக்கோ அண்ணனுக்கோ கொடுக்கும் சாதாரண அதிகாரப் பத்திரம், அவர்கள் சுயநினைவோடு முடிவெடுக்கும் நிலையை இழந்தால் பல நாட்டுச் சட்டங்களில் செல்லாமல் போய்விடும். எதற்காக எடுக்கிறோமோ அப்போது கைகொடுக்காது. அதற்கு என்ன வழி என்று அந்த ஊர் வக்கீலிடம் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இல்லாமல் விடாதீர்கள், பல நாடுகள் அதைக் கேட்கும். விசா நீட்டிப்புக்குக் கொடுத்திருக்கும்போது நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியுமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்து எழுதி வையுங்கள். அந்தப் போன் வந்த ராத்திரியில் இதைத் தேடிப் படிக்கும் நிலையில் இருக்க மாட்டீர்கள். ஒரு வழி டிக்கெட்டுக்கான பணம் தனியாக இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள்.

கடைசியாக, முதலில் கேட்ட தம்பியே வந்திருக்கிறார்: "அக்கா, சமையலறைத் தொட்டிக்கு அடியில் பார்த்தேன். வால்வு இல்லை."

வாசலை ஒட்டிய அலமாரி, கழிப்பறைக்குப் பின்னால் திறக்கும் சின்னக் கதவு, தண்ணீர் மீட்டர் இருக்கும் இடம், அடுக்குமாடி என்றால் வெளி நடைபாதையில் பூட்டிய பெட்டி, இந்த வரிசையில் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் வீட்டு உரிமையாளருக்கு இன்றைக்கே செய்தி அனுப்பிக் கேளுங்கள். கிடைத்ததும் ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள். இறுகியிருந்தால் பலமாகத் திருகாதீர்கள், பழைய வால்வு கையோடு வந்துவிடும். இறுகியிருக்கிறது என்று அதையும் அவருக்கே எழுதுங்கள், போட்டோவோடு.