சரித்திர நாவல் எதற்கு, கல்வெட்டே போதாதா?

பனையோலை (கேள்வி):
சோழர் வரலாற்றுக்கு வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியின் நூல் இருக்கிறது, கல்வெட்டுத் தொகுதிகள் இருக்கின்றன. பிறகு கல்கியின் 'பொன்னியின் செல்வன்' மாதிரி ஐந்து பாகக் கற்பனை எதற்கு? படித்தவர்கள் அதில் வரும் நந்தினி நிஜமாகவே இருந்தாள் என்று சாதிக்கிறார்கள். இந்தக் குழப்பம் தேவையா?

ஏரிக்கரை:
நந்தினி கற்பனைதான், அதில் வழக்கில்லை. ஆனால் கல்வெட்டு எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது என்று பாருங்கள். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களைச் சொல்கிறது. அவர்கள் குடும்பத்தாரின் நிலத்தை என்ன செய்வது என்பதே அதன் கவலை. ஏன் கொன்றார்கள்? ஓர் எழுத்து கிடையாது.

கல்கி அந்த இடத்தில் புகுந்து, அவர்களைப் பாண்டியனின் ஆபத்துதவிகள், அதாவது அரசனுக்காக உயிரையும் கொடுக்கும் மெய்க்காவலர்கள், ஆக்கினார். நாவலை முடித்துவிட்டுக் கல்வெட்டுக்குத் திரும்புங்கள், ஒன்று உறுத்தும். ரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரமாதிராஜன்' என்று பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன், சரி. பரமேசுவரனுக்கோ 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்'! சோழப் பெயர் தாங்கிய அதிகாரப் பட்டம் அது. காட்டுக்குள் ஒளிந்து சதி செய்தவனுக்கு அது எப்படி வந்தது? கல்கியின் விடை தப்பாகவே இருக்கட்டும். அந்தக் கதையைப் படிக்காதவர் இந்தப் பட்டத்தை வெறும் பெயராகத் தாண்டிப் போய்விடுவார்.

வம்சாவளி:
படிக்கிற முறையையும் சொல்லிவிடலாம். முதல் பாகம் மட்டும் எடுங்கள், 57 அத்தியாயம். தமிழ் நூல்களுக்கான மதுரைத் திட்டம் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்ததால் ஒவ்வொரு அத்தியாயமும் கொக்கி போட்டு நிற்கும், முன்கதை திரும்பத் திரும்ப வரும். ஒரே மூச்சில் 20 படித்தால் அலுத்துப்போகும். நாளுக்கு மூன்று நான்கு போதும்.

பலர் பாதியில் விடுவது பெயர்க் குழப்பத்தால்தான். பொன்னியின் செல்வன், அருள்மொழிவர்மன், ராஜராஜன் எல்லாம் ஒரே ஆள். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: முதல் பராந்தகனின் மகன்கள் கண்டராதித்தன், அரிஞ்சயன். கண்டராதித்தன் மகன் உத்தமன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன். அவர் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. பட்டம் யாருக்கு என்ற சண்டை முழுக்க இந்தத் தாளுக்குள் இருக்கிறது.

நந்தினி குழப்பத்துக்கு மருந்து பென்சில். கற்பனைப் பாத்திரத்துக்கு 'க' போடுங்கள்: பூங்குழலி, ஆழ்வார்க்கடியான். அமைச்சர் அநிருத்தர் நிஜம், அன்பில் செப்பேட்டில் இருக்கிறார். கதாநாயகன் வந்தியத்தேவன் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வருகிறார். குதிரையில் அவர் செய்யும் சாகசமெல்லாம் கல்கியின் கைவண்ணம்.

துபாஷி:
அரசகுமாரர்கள் ஒத்துவரவில்லை என்றால் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' எடுங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழிலேயே எழுதிவைத்த நாட்குறிப்பு இருப்பதால், எது ஆவணம் எது கற்பனை என்று பக்கத்தில் வைத்தே சரிபார்க்கலாம். நாவலை முதலில் முடியுங்கள். நாட்குறிப்பில் சரக்கு, விலை, வழக்கு எல்லாம் கலந்து கிடக்கும், ஆட்களைத் தெரியாமல் நுழைந்தால் பத்து பக்கம் தாண்டாது.