லொறியா, தராசா?

நீர்வேலியிலிருந்து:

மாமா இரண்டாவது லொறி வாங்குவதென்று முடிவே எடுத்துவிட்டார். கோப்பாய், நீர்வேலிப் பக்கத்து வாழைக்குலைகளை வாங்கி இரவோடு இரவாகத் தம்புள்ளை மொத்தச் சந்தைக்கு அனுப்புவது அவருடைய வியாபாரம். பிந்திப் புறப்பட்டால் ஏ9 வீதியில் எவ்வளவு ஓடினாலும் நல்ல விலைக்கு வாங்குபவர்கள் போய்விடுவார்கள். "ஒரு கிழமை பொறுங்கோ மாமா" என்று கேட்டுக்கொண்டு, கொப்பியும் கைபேசியுமாகத் தராசடியில் இருந்தேன்.

மதியம் 12 மணியிலிருந்து 5 மணி வரை ஏறக்குறைய 60 பேர் வந்தார்கள். நிறுக்க ஆளுக்கு 3 நிமிடம். ஆக 3 மணித்தியால வேலை, இருப்பதோ 5 மணித்தியாலம். கணக்குப்படி வரிசையே இருக்கக்கூடாது. வாசலிலோ லாண்ட்மாஸ்டரும் சைக்கிளும் நிறைந்து நிற்கின்றன.

சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் வந்த நேரத்தையே பைதன் கணினி மொழியில், வரிசைகளைக் கணினிக்குள் நடத்திப் பார்க்க உதவும் சிம்பை என்ற இலவச நூலகத்துக்குள் கொடுத்து, எங்கள் தராசடிக்கு ஒரு மாதிரி செய்தேன். 60 பேரில் 40 பேர் பின்னேரம் 3 மணிக்குப் பிறகுதான் வருகிறார்கள். அப்படியும் மாதிரி காட்டிய வரிசை சின்னது. 5 மணிக்கு என் கண்முன்னால் நின்றதோ 10 பேர்.

மறுநாள் திரும்பவும் போய் இருந்தேன். முள் நின்றதும் நான் நேரத்தை நிறுத்தியிருக்கிறேன். ஆனால் நிறையில் கழிவாக எவ்வளவு குறைப்பது என்று பேசி முடியும்வரை குலை தராசிலேயே கிடக்கிறது! உண்மையில் ஆளுக்கு 4 நிமிடம். அதைத் திருத்தினேன். 2 மணித்தியாலத்தில் தராசு 30 பேரைத்தான் முடிக்கும், மிச்சம் 10 பேர். மாதிரியும் வாசலும் அப்போதுதான் ஒத்துப்போயின.

சரி, இனி லொறியைக் கூட்டிப் பார்ப்போம் என்று ஓட்டினால், புறப்படும் நேரம் அசையவில்லை. இரண்டு லொறியும் ஒரே தராசுக்குத்தானே காத்து நிற்கும்? லொறியை எடுத்துவிட்டு இன்னொரு தராசைப் போட்டேன். ஏறக்குறைய 40 நிமிடம் முந்தியது. மாமா தராசுதான் வாங்கினார். ஆயிரம் நாளைக் கணினியில் ஓட்டியது சில நிமிட வேலை. அந்த 1 நிமிடத்தைக் கண்டுபிடிக்கத்தான் வெயிலில் இருக்க வேண்டியிருந்தது.

நெடுந்தீவிலிருந்து:

அண்ணை, உங்களுக்குப் பின்னேரம் போல எங்களுக்குக் கடல். குறிகாட்டுவானிலிருந்து படகு வந்தால்தான் எங்கள் கடையில் அரிசி, மா எல்லாம். மழைக்காலத்துக்கு எத்தனை நாள் இருப்பு வைப்பதென்று எக்செலில் மொன்டே கார்லோ முறையில், அதாவது தற்செயலான நாட்களைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் காசு சுண்டுவது போல, படகு ஓடும், ஓடாது என்று தனித்தனியாகப் போட்டேன். 3 நாளுக்கு வைத்தால் போதும் என்றது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கடல் குழம்பினால் ஒரு நாளோடை நிக்குமே?" என்று கேட்டார். எவ்வளவு சரியான கேள்வி! நேற்று படகு ஓடவில்லையென்றால் இன்றும் ஓடாமல் விட வாய்ப்புக் கூட. அந்தத் தொடர்பைச் சேர்த்து ஓட்டினேன், 6 நாள் என்றது. இப்போது ஐப்பசி முடிய முன்னமே மூட்டைகளை இறக்கிவிடுகிறோம். குழந்தைப் பால்மாவுக்கு மட்டும் அம்மா 10 நாள் என்கிறார். அதில் நான் கணக்குப் பார்ப்பதில்லை.